தாடி எடுத்த ராசா

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு ராசா மலை ஏறினார். ராசா என்றால் நான். நான் என்றாலும் முழுக்க நான் இல்லை. ஒல்பெக் என்ற குள்ள ராசாவின் முகம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நெடிய நடிகருடையது. முதுகு என்னுடையது. தூரத்தில் ஓடுவது, விழுவது, கோடரி வீசுவது எல்லாம் இந்தத் தண்டபாணியின் மூன்றடி பத்து அங்குலம். மலையும் மலை இல்லை. வெஸ்ட்கேட் பக்கம் ஒரு பெரிய கொட்டகைக்குள் படத்துக்காகப் பலகையிலும் பஞ்சிலும் கட்டியது. வேர்க்க வேர்க்க உச்சிக்குப் போனால் அங்கே லைட்காரன் இருந்து சாண்ட்விச் சாப்பிடுகிறான்.

சொல்ல வந்தது அதில்லை. மேக்கப் செய்கிற மேரே என் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போன மாதம் வரைக்கும் இரும்புத் தொப்பி முகத்தை மூடியிருந்தது. அடுத்த சண்டையில் தொப்பி உடைகிறதாம். நெடியவரின் முகம்போல ரப்பரில் செய்த முகத்தை எனக்கு ஒட்டி, அதன்மேல் ராசாவின் தாடியை ஒட்ட வேண்டும். சொந்தத் தாடியில் பசை பிடிக்காது.

"டார்லிங், சேவ்" என்றாள்.

பொய்த் தாடி வைக்க நிசத் தாடியை எடுக்கச் சொல்கிறார்கள். வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

நிசாந்தினிக்கு இது ஏழாம் மாதம்.

மார்ச் 4

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருசன் சவரம் செய்யக்கூடாது. நான் நம்புகிறேனா? தெரியாது. ஆனால் போன முறை பிள்ளை நிற்கவில்லை. டாக்டர் காரணமில்லை என்றார். காரணமில்லாமல் எப்படி ஒரு பிள்ளை போகும்? மாமி வவுனியாவிலிருந்து போனில் காரணம் கண்டுபிடித்தார். "மருமகன் சேவ் எடுத்தவரோ?" எடுத்திருந்தேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. இந்த முறை சோதித்து ஓம் என்று தெரிந்த அன்றே ரேசரைக் குப்பையில் போட்டவள் நிசாந்தினி.

மார்ச் 5

இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்கு ராசாவின் கதை வேண்டும். கதை சொன்னால்தான் ஒரு பிடி கூடச் சாப்பிடுகிறாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், அவர்கள் தருகிற கதைத்தாளை வாசிக்கத் தெரியாது. மேரே கையைக் காலை ஆட்டிச் சொல்வதைக் கேட்டு, மிச்சத்தை நான் போட்டுக்கொள்வேன்.

ஒல்பெக் மலைக்குள்ளே பிறந்தவன். கோடரிப் பிடியைக் கடித்துத்தான் பல்லு முளைத்தது. இளவரசனாக இருந்தபோது அரக்கர் பிடித்துத் தாடியை அறுத்துவிட்டார்கள். தப்பி ஓடி வந்தால் சொந்தக் கோட்டைக் காவலாளியே யார் நீ என்று கேட்கிறான். மழையில் வெளியே நின்று, தாடி வளர்ந்த பிறகுதான் உள்ளே போனான். இடையில் ஒரு ஆட்டுக்காரி சோறு போட்டாள், அவளைத்தான் கட்டினான். ஆட்டுக்காரியின் கதை தனி, அதற்கு ஒரு முழுக் கோழிக்கறி வேண்டும்.

"அந்த ராசாவுக்குப் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டாள்.

படத்தில் இல்லை. அவனோடு வம்சம் முடிகிறது.

"இருக்கு. ஒரு மகள்" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் ரஜிதன் வந்தான். அவள் படுத்திருந்தாள். அவனிடம் மட்டும் சொன்னேன்.

"அத்தான், தாடி திரும்ப முளைக்கும். வேலை முளைக்குமோ?"

"அக்காவிட்ட நீ சொல்லு."

"நானோ? நான் இன்னும் கலியாணம் கட்டேல்லை, சாக விருப்பமில்லை."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமையே மேலாளர் சொல்லிவிட்டார், முகம் ஒட்ட முடியாவிட்டால் கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து இன்னொருவரைக் கூப்பிடுவார்களாம். நாங்கள் இருக்கிற ஒடாஹுஹுவில் நான் கேட்டு ஏறி இறங்காத கடை இல்லை. மேசைக்கு மேலே தலை தெரியாதவனை யார் வேலைக்கு வைப்பார்கள்? என்னை ராசாவாக வைத்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

மார்ச் 10

எடுத்திட்டன்.

மார்ச் 11

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எடுத்து முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து அழுதேனாம். மேரேதான் சொன்னாள். மொழி விளங்காவிட்டாலும் காரணம் விளங்கிவிட்டது அவளுக்கு. ஒரு சின்னக் கறுப்புத் தாடியைத் தேடி எடுத்து, கத்தரித்து, என் பழைய தாடி போலவே ஒட்டிவிட்டாள். "ஃபார் வைஃப்" என்று கண்ணடித்தாள்.

நான் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொய்த் தாடியோடு பஸ் ஏறி, பொய்த் தாடியோடு சோறு தின்று, பொய்த் தாடியோடு படுத்தேன். பருப்பு ஒட்டினால் துடைக்கப் பயம். சொறியப் பயம். பிள்ளை உதைக்குது, காதை வையுங்கோ என்றாள். வயிற்றில் காதை வைத்தேன், கன்னத்தை வைக்கவில்லை.

பகலில் ஒரு பொய், வீட்டில் ஒரு பொய். என்ர முகம் எங்கை?

மார்ச் 14, சனி

பிடிபட்டுவிட்டேன். சோறு வடிக்கப் பானையைச் சரித்தேன். ஆவி பட்டு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவள் வந்து மெதுவாக மற்றப் பக்கத்தையும் உரித்தாள். கையில் வைத்துப் பார்த்தாள், செத்த எலியைப் பார்ப்பதுபோல.

"என்ர பிள்ளையைவிட அந்த ராசா பெரிசோ உங்களுக்கு?"

வேலை போயிடுமெண்டு — எண்டு தொடங்கினன். முடிக்கேல்லை.

"எடுத்ததுக்குக் கூட மன்னிப்பன். இதை ஒட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில படுத்தீங்களே!"

மார்ச் 15

கதைக்கவில்லை. சோறு இருந்தது, போட்டுத் தின்றேன்.

மார்ச் 16, திங்கள்

ஸ்கான் இன்றைக்கு. நான் வரவா என்று கேட்கவில்லை, போய்க் காரின் பின்சீட்டில் ஏறி இருந்தேன். ரஜிதன் ஓட்டினான்.

இருதயம் நன்றாக அடிக்கிறது என்றாள் ஸ்கான் எடுத்தவள். நிசாந்தினி அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடினாள். பிறகு ஸ்கான் எடுத்தவள் பிள்ளையின் தொடையெலும்பை அளந்தாள். திரும்ப அளந்தாள். திரும்பவும். எனக்கு விளங்கிவிட்டது. என் வாழ்க்கையில் எத்தனை பேர் இப்படித் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள்! டாக்டர் வந்து இருந்து ஆறுதலாகச் சொன்னார். பிள்ளை சுகம். ஆனால் எலும்பு கட்டை, அப்பாவைப்போல இருக்கலாம்.

தாடியைப் பற்றி நான் பயந்தது மேலுக்குத்தான். அடியில் கிடந்த பயம் இது. இதை இத்தனை மாதமாக இந்தக் கொப்பியில்கூட எழுதவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் சொன்னேன், "என்ர பிழை. என்னாலதான்."

நின்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தாடிதான் உங்கட பிழை. கால் உங்கட பிழையில்லை."

ரஜிதன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். போகும் வழியில் பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் நிறுத்தச் சொன்னாள், கடலைப் பார்க்க வேணுமாம். மணலுக்கு இறங்காமல் கரையில் போட்டிருந்த வாங்கிலேயே இருந்தோம். அங்கே கேட்டாள்.

"அந்த ராசான்ர மகள் என்ன உயரம்?"

"ராசான்ர உயரம்தான்."

"குதிரை ஏறுவாளோ?"

"ஏறுவாள். குதிரைதான் குனியோணும்."

சிரிக்கவில்லை. ஆனால் தோளில் சாய்ந்தாள். சாய்வதற்கு அவள் நன்றாகக் குனிய வேண்டும்.

மார்ச் 29

கோபம் முழுக்கத் தீரவில்லை. இன்றைக்குக் கறியில் உப்பு இல்லை, கேட்கவுமில்லை.

ஏப்ரல் 17

ராசாவுக்கு இன்றைக்குக் கடைசிச் சண்டை. பாலத்தில் தனியாக நின்று சனமெல்லாம் தப்பும்வரை வெட்டினார். வெட்டினேன். அம்பு பட்டது. நான் விழுந்தேன், நெடியவர் செத்தார். சாகிற முகம் அவருடைய பங்கு. நல்லதாய்ப் போயிற்று, பிள்ளை பிறக்குமுன் பிணமாகப் படுத்தேன் என்று மாமிக்குத் தெரிந்தால் பிளேன் ஏறி வந்துவிடுவார். எல்லாரும் கைதட்டினார்கள். மேரே கட்டிப்பிடித்தாள். அடுத்த படத்துக்குக் கூப்பிடுவோம் என்கிறார்கள். பார்ப்போம்.

வீட்டில் ராசா செத்ததைச் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன், இனி ஒட்டிக் கதைக்க மாட்டேன்.

ஏப்ரல் 18

கேட்டாள். சொன்னேன். மகளும் படத்தில் இல்லை என்றேன்.

"தெரியும். நீங்கள் பொய் சொல்லேக்க மெதுவாய்க் கதைப்பீங்கள்" என்றாள். "அவள் இருக்கட்டும். கதையைச் சொல்லுங்கோ."

ஜூன் 2

பெண். இரண்டு பேரும் சுகம். வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 9, வியாழன்

மகளுக்குப் பிரணவி என்று பெயர் வைத்தோம். டாக்டர் சொன்னது சரி. என் கை, என் கால், என் நெற்றி. குரல் மாமியுடையது.

காலையில் நிசாந்தினி பிள்ளையைத் தோளில் போட்டபடி வாடகை வீட்டு ஏஜென்டுக்குப் போன் எடுத்தாள். இந்த வீட்டுக்கு வந்து நாலு வருசம், லைட் சுவிட்சுக்கும் குழாய்க்கும் நான் ஸ்டூல் இழுத்துத்தான் திரிகிறேன். ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

சுவிட்ச் எல்லாம் கீழே இறக்க வேணும், கதவுப் பிடியும் என்றாள். போன மாதம் பிறந்த பிள்ளைக்கா என்பதுபோல அவன் ஏதோ சொல்லிச் சிரித்தது எனக்கே கேட்டது. பிள்ளை நடக்கவே ஒரு வருசம் ஆகுமே என்றிருக்கிறான்.

"நீங்கள் செய்து முடிக்கவும் ஒரு வருசம் ஆகும்" என்றாள் இங்கிலீசில். பிறகு குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லாக, அவன் எழுதிக்கொள்வதற்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த வீட்டில் இரண்டு பேருக்கு எட்டவில்லை.