ஒரே ஒரு தடவை கேட்டவர்கள்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நாலு பேர் படிக்கும்படி பத்திரிகையில் போடுவதற்காகத்தான் எழுதுகிறேன். "வீட்டு விஷயத்த ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுதே?" என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அந்த வங்கியில் நீங்கள் பொறுத்துக்கொண்டதை நினைத்தால் இது ஒன்றும் பெரிதில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. குறுக்குத்துறையில் உங்கள் அஸ்தியைக் கரைத்த இடத்தில் படியெல்லாம் மூழ்கிவிட்டது. பாளையங்கோட்டை வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த மாடித் தொட்டியை ஒருவழியாக மாற்றிவிட்டேன். நம் மகள் உமா லண்டனிலேயே இருக்கிறாள், தினமும் பேசுகிறாள்.

உங்கள் போனை நான் இன்னும் அணைக்கவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று, பிடிக்காத கால்பந்தை ரயிலில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணுவீர்களே, அந்தக் கோல் விவரம் எல்லாம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. யார் ஜெயித்தால் எனக்கென்ன? ஆனாலும் அதை நிறுத்த மனசு வரவில்லை.

போன வாரம் உங்கள் தம்பி நெல்லையப்பன் மகளுக்குக் கல்யாணம். மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல சொதி. கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் நின்றார். என் இலைக்கு வந்தபோது நான் கையை வைத்து மறைத்தேன்.

"போதும் தம்பி, போதும்."

"என்ன போதும் மதினி? ஒண்ணுமே சாப்பிடலியே. கைய எடுங்க, ஒரே ஒரு கரண்டி."

"வேண்டாம்ங்கேன்."

"அட, எடுங்கங்கேன்!"

நான் கையை எடுத்தேன். எடுப்பதற்காகத்தானே வைத்தேன். நம்மவர்களில் யாராவது முதல் தடவை கேட்டதுமே "சரி, ஊற்று" என்று சொல்லியிருக்கிறோமா? மறுப்பது ஒரு மரியாதை. விடாமல் மறுபடி கேட்பது அதைவிடப் பெரிய மரியாதை. தேங்காய்ப்பால் மணத்தோடு அந்தக் கரண்டி சொதி இலையில் விழுந்ததும் நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இஞ்சிப் பச்சடி காரம் போல என்று பக்கத்தில் இருந்தவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

நான் ரிச்சர்டை நினைத்துக்கொண்டிருந்தேன், அத்தான். உங்கள் பெரிய அதிகாரி. அப்போது நீங்கள் அங்கே சேர்ந்து பத்து வருடம் போல ஆகியிருந்தது. எந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தால் பணம் திரும்பி வரும், எது மூழ்கும் என்று பார்த்துச் சொல்லும் பிரிவு உங்களுடையது. அதன் தலைவர் ஓய்வு பெறப் போகிறார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ரிச்சர்டு உங்களைச் சாப்பிடக் கூட்டிப்போய், "அந்த இடத்துக்கு வர உனக்கு விருப்பமா, சாம்?" என்று கேட்டான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்களே, எனக்கு என்ன அவ்வளவு தகுதி" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்று, "கேட்டுட்டான் கோமதி, கேட்டுட்டான்!" என்றீர்கள். நானும் கேசரி கிண்டினேன். நம் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேட்பான், அப்போது நிதானமாகச் சரி என்று சொல்லலாம். கையை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கலாம். அவ்வளவுதானே?

திங்கட்கிழமை டாமின் பெயரை அறிவித்தார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து வேலை பழக்கிய அதே டாம். நீங்கள் அவனுக்குக் கைகொடுத்துவிட்டு வந்து, மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள்.

நம் பக்கத்துத் தப்பு என்றுதான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். "அவங்க ஊர்ல ஒரு தடவதான் கேப்பாங்க போல. நமக்குத்தான் தெரியல" என்றீர்கள். ஊரில் சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். "சம்முவம் வாயில்லாப்பூச்சி, அவன் எங்கன பொழைக்க?" என்று உங்கள் சித்தப்பாவே சொன்னார். பிறகு நீங்கள் உங்களைச் செதுக்க ஆரம்பித்தீர்கள். மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்காமல் நடுவில் புகுந்து பேசப் பழகினீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரஞ்சு ஜூஸ் தம்ளரோடு மதுக்கடையில் நின்று சிரித்தீர்கள். நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், "எனக்கு இந்தப் பதவி வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பீர்கள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும். என் காதில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

அடுத்து டாம் மேலே போனபோது அந்த இடம் மறுபடி காலியானது. இந்த முறை யாரும் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை. நேரே போய்க் கேட்டீர்கள், கண்ணைப் பார்த்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த அதே வார்த்தைகளில். அதற்கு என்ன பதில் வந்தது? கொஞ்சம் அவசரப்படுகிறீர்களாம். உங்களிடம் பதவி ஆசை தெரிகிறதாம், அது மற்றவர்களைச் சங்கடப்படுத்துகிறதாம். உங்கள் பலம் கணக்கில் இருக்கிறதாம், ஆட்களை நடத்துவதில் இல்லையாம். இப்போது இருக்கும் இடத்தில் நீங்கள் இல்லாமல் முடியாதாம்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பேசாமல் இருந்தால் ஆசை இல்லாதவர், பேசினால் ஆசை பிடித்தவர். இதில் எந்த வாசல் வழியாக மனிதன் உள்ளே போவது? சண்முகசுந்தரம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் வாரமே உங்களைச் சாம் ஆக்கினார்கள். போலந்திலிருந்து வரும் பெரிய வாடிக்கையாளர்களின் பெயரெல்லாம் மட்டும் எப்படி வாயில் நுழைந்தது? நுழைய வேண்டும் என்று நினைத்தால் நுழையும்.

நம் பழக்கம்தான் தடை என்று சாகும்வரை நம்பினீர்களே, உமா கதையைக் கேளுங்கள். அவள் அங்கேயே பிறந்தவள். இலையை மறைக்கத் தெரியாது. பிடித்ததை "கொடு" என்பாள், பிடிக்காததை "வேண்டாம்" என்பாள், அதற்காக இங்கே வரும்போதெல்லாம் உங்கள் அக்காவிடம் திட்டு வாங்குவாள். அவளும் இப்போது ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருக்கிறாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். போன மாதம் அவளைக் கூப்பிட்டு, "நீ நன்றாக வேலை செய்கிறாய், ஆனால் இந்தக் குழுவுக்குப் பொருந்துவாயா என்று யோசிக்கிறோம்" என்றார்களாம். உங்கள் மகளிடம் எந்தப் பழக்கத்தைக் குறை சொல்வார்கள், அத்தான்?

இனி உங்களிடம் சொல்ல வந்த செய்தி. கொஞ்ச நாளைக்கு முன்னால் உங்கள் வங்கியிலிருந்து ஹெலன் என்ற பெண் பேசினாள். ஆசிய ஊழியர்களுக்கு வருடா வருடம் ஒரு விருது கொடுக்கப் போகிறார்களாம். உங்கள் நினைவாக அதற்குச் "சாம் விருது" என்று பெயராம். என் சம்மதம் வேண்டும், நீங்கள் அங்கே எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள் என்று நான் வீடியோவில் நாலு வார்த்தை பேசவும் வேண்டுமாம். படம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் உங்கள் தலையில் காகிதத் தொப்பியை மாட்டிவிட்டு எடுத்தார்களே, அந்தப் படம்.

நான் வேண்டாம் என்றேன். நன்றி சொல்லி, மரியாதையாகத்தான் சொன்னேன்.

மறு வாரம் ஹெலன் மறுபடி கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். அடுத்து வீட்டு வாசலுக்கு ஒரு பெரிய பூங்கொத்து வந்தது, கூடவே இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லி ஒரு குறிப்பு. ஏன் இவ்வளவு பாடு என்று உமாதான் விசாரித்துச் சொன்னாள். மேல்மாடி அதிகாரிகளில் நம்மைப்போல ஒரு முகம்கூட இல்லையே என்று வெளியே கேள்வி எழுந்திருக்கிறதாம். அதற்கு உங்கள் முகம் வேண்டுமாம்.

கொழுந்தனாருக்கு என் மேல் வருத்தம். "அண்ணன் பேரு அங்கன நெலச்சு நிக்கும்லா மதினி? வலிய வந்து கேக்காவ, வேண்டாம்னு சொல்லுதியளே!" என்றார்.

"அண்ணன் உயிரோட இருக்கும்போது ஏன் தம்பி வலிய வந்து கேக்கல?" என்றேன். அவர் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நேற்று வீடியோவில் டாமே பேசினான். இப்போது ரிச்சர்டின் நாற்காலியில் இருக்கிறான். தலை நரைத்திருக்கிறது. "எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சாம்தான்" என்று சொன்னபோது அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தெரிந்துதானே அத்தனை வருடமும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்?

"டாம், முதல் தடவை அந்தப் பதவி வந்தபோது அவரிடம் ஏன் மறுபடி ஒருதரம் கேட்கவில்லை?" என்றேன்.

அவன் கொஞ்சம் தடுமாறினான். "அவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. ரிச்சர்டு அவர் முடிவை மதித்தார்."

"என்னிடம் எத்தனை தடவை கேட்டுவிட்டீர்கள்?"

திரையில் அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அத்தான்.

"மறுபடி கேட்க உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது" என்றேன். "நானும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். என் முடிவையும் மதியுங்கள்."

போனை வைத்ததும் லண்டனுக்குக் கூப்பிட்டேன். உமாவிடம் சொன்னேன். "அம்மா, நாளைக்கு நானும் என் ஆபீசில் கேட்கப் போகிறேன். பொருந்துவதென்றால் என்ன என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லப் போகிறேன்" என்றாள். வேலை போனால்? போகட்டும் என்று சொல்ல எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

உங்கள் பெயரை அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன், அத்தான். இது சத்தியம். அடுத்த மாதம் உங்கள் தெவசம் வருகிறது. தெவசத்துக்குச் சொதி வைக்கிற வழக்கம் இல்லை என்று உங்கள் தம்பி சண்டைக்கு வருவார். வரட்டும், நான் வைப்பேன். உங்கள் இலைக்கு முன்னால் கரண்டியோடு நின்று, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்பேன். நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள். நான் மறுபடியும் கேட்பேன்.

என்றும் உங்கள் மாமா மகள்,
கோமதி