நன்றிப் பக்கத்தில் உன் பெயர்

செங்கல்பட்டு
3.3.2025

அன்புத் தாமு,

நீ போனை எடுப்பதில்லை. ஐ.டி.ஐ. விடுதியில் உனக்கு லீவு லெட்டர் எழுதித் தந்த கையால் இதை எழுதுகிறேன்.

கடலடி இன்டர்நெட் கேபிள் கரையேற எங்கள் கம்பெனி இடம் தேடியது. சென்னைத் துறைமுகப் பக்கம் கப்பல் நங்கூரம் இழுத்தால் கேபிள் அறுந்துவிடும். அதனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே நாலு இடம் பார்த்தோம், எல்லாம் பாறை. அன்றைக்கு நீ படகில் கூட்டிப்போய், பாறைகளுக்கு நடுவே இறால் படும் மணல் பள்ளத்தைக் காட்டினாய். ஊருக்கே சோறு போடுகிற இடம் என்றாய். எதற்குக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் காட்டமாட்டாய் என்று தெரியும்.

அந்த இடத்தையே தேர்வு செய்துவிட்டார்கள். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் 'உள்ளூர் மீனவர் தாமோதரன்' என்று போட்டதும் நான்தான். பெயரை அச்சில் பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். புத்தி கெட்டவன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதை உரக்க வாசித்தார்களாமே. மன்னித்துவிடு.

உன்
ஜெபக்குமார்

குப்பம்
8.3.2025

அன்புள்ள குமாரு,

கடிதம் கிடைத்தது. என் பெண்டாட்டி லதா உன்னைப் பற்றிச் சொன்னதை எழுதினால் காகிதம் கருகிவிடும்.

கேபிள் மேல் வலை விழக் கூடாதாம். பள்ளம் இனி எங்களுக்கு இல்லை. தெரிந்தே காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்து, நான் படகு இறக்கக் கூடாதென ஊர் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. டீக்கடையில் சின்னராசு, "இன்னா தாமு, கடலைக் குட்த்துட்டு நன்றி வாங்கிகினியா?" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். எதற்கென்று சொல்லாமல்தான் கேட்டேன் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொல். என்னை விட்டுவிடுவார்கள். கோபத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கட்டாயம் வா.

தாமு

செங்கல்பட்டு
12.3.2025

தாமு,

ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தால் வேலை போகும் என்கிறார்கள். மகள் ஜெஸ்ஸி இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். நான் ஏமாற்றினேன் என்று நீயே சொல்லிவிடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். எழுதவே கூசுகிறது. வீட்டில் ஹெலனிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் அவளே என்னைப் பஸ் ஏற்றிவிடுவாள்.

குமார்

குப்பம்
17.3.2025

குமாரு,

உன் கடிதம் கிடைத்த பிறகும் வருவாய் என்றே நினைத்தேன்.

"அந்த ஆளு உனக்கு சினேகிதனா?" என்று கூட்டத்தில் ஊர்த் தலைவர் கேட்டார். ஆமாம் என்றால், நீ மறைத்தாய் என்பதை யார் நம்புவார்கள்? "யாரோ ஆபீசரு, படகு வாடகைக்குக் கேட்டாரு. யாருன்னே தெரியாது" என்றேன். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். நீ ஊருக்கு ஒரு முறைதான் வந்திருக்கிறாய், அதனால் நம்பினார்கள். இன்று காலை படகை இறக்கினேன்.

வைகாசியில் என் மகள் கவியாவுக்குக் கல்யாணம். வந்துவிடாதே. வழியில் பார்த்தாலும் நிற்காதே. இனி கடிதமும் வேண்டாம், இங்கே தபால் கொண்டுவருவது சின்னராசுவின் மச்சான்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. கோயிலில் பொய் சொன்ன என்மேலும் இருக்கிறது.

செங்கல்பட்டு வரும்போதெல்லாம் உன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் கவியா. குமார் மாமா கல்யாணத்துக்கு வருவாரா என்று நேற்று கேட்டாள். அப்படி ஒரு மாமாவை நமக்குத் தெரியாது, யார் கேட்டாலும் அதையே சொல் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தாமோதரன்