மாடி அறைக்கு ஏறாத சூடு

தெமோதரை
1977 மார்கழி

அன்பு மகள் இராக்கம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சிவப்புக் கோழியும் சுகம், அதில் கோழிதான் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் சுகமென்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ஒரு மாதமாக இருமல், இரண்டு சட்டைக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்கிறாய். தோட்டத்துத் துரையின் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சீமைக்குப் போயும் பொய் சொல்ல நீ கற்றுக்கொள்ளவில்லை.

கீழ் அறைகளில் சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் சுவரோரத்து இரும்புத் தட்டெல்லாம் சுடுகிறது, மாடியில் என் அறையில் மட்டும் சில்லென்று கிடக்கிறது, வேலைக்காரருக்குச் சூடு கொடுக்க மாட்டார்கள் போல என்று எழுதினாயே, அதைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. இங்கே பங்களாவில் துரை குளிக்க நான் பாய்லருக்கு விறகு தள்ளுவேன், சமையல் குசினிக்குப் பின்னால் நம் ஆட்கள் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவள் அங்கேயும் அதே சட்டம் என்று இருந்துவிட்டாய். அடி மகளே, கொடுக்காத சூட்டுக்கு வீடு கட்டினவன் உன் அறையில் எதற்குத் தட்டை மாட்டி வைப்பான்.

தேயிலை பெக்டரியில் மெசின், குழாய் பழுது பார்க்கும் பிட்டர் ஸமீமிடம் கேட்டேன். என்ன தம்பையாண்ணே, சீமையிலயும் நீங்கதான் தண்ணி சுட வைக்கிறீங்களா என்று கேலி பண்ணிவிட்டு விளக்கமாகச் சொன்னார். குழாய் மாடிக்குப் பிரிகிற இடத்தில் ஒரு வால்வும் அதன் தலையில் சின்ன மோட்டாரும் இருக்குமாம். மாடிச் சுவரில் உள்ள திருகில் சூட்டைக் கூட்டி வைத்தால் மோட்டார் சுற்றி வால்வைத் திறக்க வேண்டும். கூட்டி வைத்துக் கொஞ்சம் பொறுத்து வால்வுக்கு இரண்டு பக்கமும் குழாயைத் தொட்டுப் பார், ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் சுடாவிட்டால் வால்வு திறக்கவில்லை. மோட்டாருக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கைப்பிடியைத் தள்ளு, லேசாக ஆடினால் மோட்டார் தன் வேலையைச் செய்திருக்கிறது, முறுக்கிக்கொண்டு எதிர்த்தால் மோட்டார்தான் படுத்துவிட்டது. தள்ளிக் கொக்கியில் மாட்டினால் அப்போதைக்குச் சூடு ஏறும். மூடியை மட்டும் கழற்றாதே, உள்ளே கரண்ட்.

ஆனால் கொக்கியில் மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. உன் அம்மாவையும் இருமல்தான் கொண்டுபோனது. நீ பார்த்துக்கொள்ளும் பெரிய துரைசாணியிடம் போய், என் அறையில குளிருது, வால்வு கெட்டிருக்கு, ஆள் கூப்பிடுங்கன்னு சொல்லு. மாடி ஏற முடியாத கிழவி, நீ சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்.

சுவரொட்டிய பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா குடும்பமும் போன வாரம் ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க ரயில் ஏறிவிட்டது. ஸ்டேசனில் எல்லோரும் அழும்போது அவள் தன் அம்மிக்கல்லைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அம்மியும் நானும் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த லயத்து வீட்டு வரிசையில் இப்போது என் காம்பராவில் மட்டும்தான் விளக்கு. முந்தாநாள் மழையில் தகரம் ஒழுகி நனைந்துபோய், குளிருதே என்று பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் போர்வையைத் தூக்கிப் போடவில்லை. உனக்குக் கீழே ஒரு கிழவியாவது காதோடு இருக்கிறாள். போய்ச் சொல்லு தாயி.

மாரியம்மன் உன் நெஞ்சுக்குத் துணையிருக்கட்டும். கொத்தமல்லித் தண்ணீர் குடி. சொன்னாயா என்று மறக்காமல் ஒரு வரி எழுது, சூடு ஏறியதா என்பது அதற்கு அப்புறம்.

ஆசியோடு உன் அப்பா
தம்பையா