கூவாத நாரை

பிப்ரவரி 3, செவ்வாய்
கடும் பனி. எதிர்க்கடை போர்டு பத்து மணிக்குத்தான் தெரிந்தது. மாரமங்கலத்து மிளகு வந்தது. ஒரு மூட்டையில் ஈரம். திருப்பி அனுப்பினேன். சாக்கு தைக்க ஆள் சொல்ல வேண்டும்.

சரசுவின் அண்ணன் பழனிசாமி மச்சானுக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுக்க வேண்டுமாம். எடுத்தால் பேச்சு போகும், எடுக்காவிட்டால் மூச்சே அடைத்துவிடும். மாட்டேன் என்கிறார். எஸ்டேட்டில் கணக்கு எழுதிய மனுஷன்; ஆனால் ஊருக்கு அவர் பாட்டுக்காரர். கல்யாணமோ காதுகுத்தோ, எழுந்து நின்றால் அவர் பாட்டில் செங்கால் நாரை கூவும். அவரே எழுதி அவரே பாடுவது. சரசு அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 4, புதன்
மதியம் மஞ்சக்குட்டையில் மச்சான் வீடு. குரல் இப்போதே சல்லடை. ஏன் அந்தப் பறவையையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டேன். பழைய பாட்டுகளில் பிரிந்து போனவர்களுக்குச் சேதி சொல்லி அனுப்புவது அதைத்தானாம். ஆள் போக முடியாத இடத்துக்கு அது போகும். அவர் சம்சாரம், எங்கள் அக்கா, செத்துப்போன பிறகு அவர் எழுதிய எல்லாவற்றிலும் அது விடியலில் கூவி அக்காவைக் கூப்பிடுகிறது.

நேரில் பார்த்ததுண்டா என்றேன்.

"இந்த மலைக்கு அது எங்கீங்க மாப்ளே வருது? படிச்சதுதான்."

மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் நான் ஒரு கிலோ வாங்கியதில்லை, நீங்கள் பார்க்காத சரக்கை ஊரெல்லாம் விற்றிருக்கிறீர்கள் என்றேன். சிரித்தார். இருமல். துண்டில் ரத்தம். சரி, காட்டுங்கள் என்றார்.

கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு ஏரி உண்டு, அதில் வருகிறது. என் கணக்கு வேறு: எப்படியாவது ஆளை வண்டியில் ஏற்ற வேண்டும். மலை இறக்கிவிட்டால் மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

டீசல் போட்டாயிற்று.

பிப்ரவரி 5, வியாழன்
கடைசி வளைவு வரை பனி, அப்புறம் வெயில். தண்ணீருக்குள் கருவேல மரங்கள், மரமெல்லாம் கூடு. மீன் நாற்றம், எச்ச நாற்றம். நிறம் மட்டும் அவர் பாடிய மாதிரியே. மஞ்சள் மூக்கு, சிவந்த முகம், வால் பக்கம் சாயத்தில் முக்கி எடுத்த ரோஸ். மச்சான் கரையை விட்டு நகரவில்லை.

கூவும் என்று காத்திருந்தோம். டீ குடித்தோம். குஞ்சுகள்தான் கரகரவென்று கத்தின. பெரியதுகள் மூச்சுக் காட்டவில்லை. ஜோடி கூட்டுக்குத் திரும்பினால் அலகை அலகோடு தட்டும். டக்டக். பலகையை அடிப்பது மாதிரி. அவ்வளவுதான். வயிறு நிறைந்திருக்கும், அதனால் கூவவில்லை என்று சமாளித்தேன்.

தலையை ஆட்டினார். "ஊமைங்க மாப்ளே. இத்தனை வருசமா நான்தான் இதைக் கூவ வெச்சிருக்கேன்."

ஜோடி சேர்ந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுங்க பொழைக்கலையா? வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

பாட்டுகளைத் திருத்த வேண்டாமா என்றேன். பொய்யாகவே இருக்கட்டும் என்றார். பீடியை விட்டு நாலு வருஷம் என்று சொல்லிவந்தவரின் சட்டைப் பையில் ஒரு கட்டு இருந்தது; எடுத்து எறிந்தேன். ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

பிப்ரவரி 9, திங்கள்
ஆபரேஷன். உள்ளே போகுமுன் சரசு போனை நீட்டி, ஒரே ஒரு பாட்டு, குரலைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். கையால் விலக்கிவிட்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மேகம் கட்டுது மாப்ளே. களத்துல மிளகு காயுது. படுதா போடச் சொல்லுங்க."

அதுதான் கடைசி. மிளகு.

குரல்வளையை எடுத்தாயிற்று. ஆனால் கீழேயும் பரவியிருக்கிறதாம். எத்தனை நாள் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

படிக்கட்டில் சரசு மெதுவாகத்தான் சொன்னாள். "பேச்சும் போச்சு, உசிரும் போவப்போவுது. அந்தக் கொக்கைக் காட்டாம இருந்திருந்தா எங்கண்ணன் பாடிட்டே போயிருக்குமுங்க."

கீழே இறங்கிப் போய் இட்லி வாங்கினேன். சாப்பிடவில்லை. கேன்டீன் இட்லி கல்.

பிப்ரவரி 12, வியாழன்
தொண்டையில் ஓட்டை, குழாய். எழுதிக் காட்டச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டினார். டக்டக். தண்ணீர் கேட்கிறார் என்று சரசு ஓடினாள். தண்ணீர் இல்லை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

டம்ளரை எடுத்து நானும் தட்டினேன். அவர் மறுபடி. நான் மறுபடி. நர்ஸ் வந்து, பக்கத்து பெட்டில் ஆள் தூங்குகிறார், வயசானவங்க இப்படியா என்று திட்டிவிட்டுப் போனாள். மச்சானின் தோள் குலுங்கியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். சத்தம் வரவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு
கடை திறக்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரியிலேயே மூச்சு நின்றது; காலையில் மச்சானை எடுத்தோம். யாரோ அவர் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள், நாரை கூவுகிற இடம் வந்ததும் சரசு போதும் என்றாள்.

மதியம் மழை. களத்தில் மிளகு. படுதா கையில்தான் இருந்தது. போடவில்லை; போடச் சொன்ன குரல் இன்னொரு தடவை கேட்குமா என்று நின்றேன்.