ஆறு குண்ட்டா நிலம்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் ஒரே சொந்தக்காரரான கயல் அப்பாவுக்கு,

ஓசூரைத் தாண்டி, பேரிகைக்கு அப்பால் நீங்கள் ஆசை ஆசையாய் வாங்கிப்போட்ட நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் போனபிறகு வந்த முதல் மழைக்காலம் இது. நம் இடம் முழுக்க முழங்கால் தண்ணீர். பச்சைப் பாசி, பக்கத்து இடங்களுக்குச் சனிக்கிழமை வருகிறவர்கள் வீசிய பீர் பாட்டில், பிரியாணி டப்பா, ஊதிப்போன ஒரு செத்த கோழி. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போகும்போது சாக்கடை நுரை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவோமே, அதுவே தேவலை. சீ, வீட்டுக்கு வந்து தலைமுழுகியும் எனக்கு அருவருப்பு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சோறு பொங்குவோம், வேப்பமரத்தில் கயலுக்கு ஊஞ்சல் கட்டுவோம், அவள் காலேஜுக்குப் போகும்போது நல்ல விலைக்கு விற்கலாம் என்றீர்களே. எதைப் பார்த்து நம்பினோம்? மனை போட்டவர்கள் வாசலில் கட்டியிருந்த அந்த அலங்கார வளைவையா?

இடம் பார்க்கப் போன அந்தப் பங்குனி வெயில் நினைவிருக்கிறதா? ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா நின்று, "இதி குண்ட்டாய்யா" என்று தெலுங்கில் சொன்னார். ஓசூருக்கு வந்து எல்லாப் பாஷையும் கரைத்துக் குடித்துவிட்டதாக உங்களுக்கு நினைப்பு. கர்நாடகாக்காரர்கள் நிலத்தைக் குண்ட்டாக் கணக்கில் அளப்பார்கள். அவரும் அளவைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, "ஆமாக்கா, ஆறு குண்ட்டா வாங்குதோம்" என்றீர்கள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். "பாத்தியா பிள்ள, திருநவேலிக்காரனுக்கு வராத பாஷையா" என்று காலரைத் தூக்கிவிட்டீர்கள். நானும் சிரித்தேன்.

இந்த முறை அதே அம்மாவிடம் கேட்டேன். தெலுங்கில் குண்ட்டா என்றால் குட்டையாம்.

"அன்னைக்கே சொன்னேனே கண்ணு. ஆறு குட்டை வாங்கறோம்னு உன் வூட்டுக்காரரு பெருமையா சொன்னாரு. எதுக்குடா இவருக்கு இத்தனை குட்டைன்னு நெனச்சேன்."

அங்கேயே சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இதைச் சொல்லிச் சண்டை போட நீங்கள் இல்லையே.

பத்திரம் முடியும்வரை உங்களை "அண்ணா, அண்ணா" என்று சுற்றிவந்த புரோக்கர், உங்கள் சாவுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது, "விடுங்கக்கா. சித்திரையில காட்டலாம், தண்ணி வத்திடும். அண்ணன் மாதிரியே ஒரு கம்பெனிக்காரர் சிக்குவாரு" என்கிறார். சிக்குவாராம். உங்களையும் யாரிடமாவது இப்படித்தானே சொல்லியிருப்பார்?

சொன்னபடி ஆளும் பிடித்துவிட்டார். மதுரைப் பக்கத்துக் குடும்பம். அந்தப் பெண் நேற்று எனக்குப் போன் செய்தாள். "அக்கா, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்ட மரம் இருக்கா?"

கயலின் படிப்புக்கு நமக்கென்று இருப்பது அந்த நிலம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விற்றிருக்கும். ஆனால் உங்கள் குரல் அவள் வாயிலிருந்து வந்தது போல இருந்தது.

"மரம் இருக்கும்மா. அதுக்குக் கீழ தண்ணி நிக்குது. அது குட்டை. இப்பவே வந்து பாத்துட்டு முடிவு பண்ணு" என்றேன்.

அவள் திரும்பக் கூப்பிடவில்லை. புரோக்கர் கூப்பிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். நானும் பதிலுக்கு நறுக்கென்று கேட்டேன்.

கயலைப் படிக்கவைத்துவிடுவேன், கவலைப்படாதீர்கள். ஆனால் இன்னொரு வீட்டுக்காரனை அந்தக் குட்டையில் தள்ளிவிட்டு அல்ல. யார் கேட்டாலும் மழையில் வரச்சொல்லித்தான் காட்டுவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஆறு குட்டைக்காரரின் பெண்டாட்டி,
கயல் அம்மா