அழாத பிள்ளையைச் சமத்து என்றோம்

என் ஆசை அக்கா,

முதலில் நல்ல சேதி. நேற்று யாழினி வாசல்படியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே அடுப்படிக்கு என்னைத் தேடி ஓடிவந்து, "அம்மா, வலி" என்று காட்டினாள்! பிள்ளை அழுகிறது, நான் சிரிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ இருந்திருந்தால் புரிந்திருக்கும்.

இவள் காதுகுத்து நினைவிருக்கிறதா? செந்துறையில் எங்கள் வீட்டுப் பந்தல். ஒன்றரை வயதுப் பிள்ளை, நம் தம்பி மடியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் ஊசி இறங்கியும் சிணுங்கக்கூட இல்லை. "என்னா சமத்து!" என்று பந்தலே கொண்டாடியது. நானும் பூரித்துப்போனேன். நீ மட்டும் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாய்.

"சமத்துன்னு சொல்லாதடி. வலிச்சா புள்ள உன்னைத் தேடணும்ல? பேரு சொல்லிக் கூப்புட்டாலும் திரும்பல. டாக்டர்ட்ட காட்டு."

என்னவெல்லாம் பேசினேன் உன்னை! பொறாமை என்றேன். உனக்குப் பிள்ளை இல்லாததைக்கூட இழுத்தேன். எந்த வாயால் சொன்னேன், அக்கா?

நானாக இருந்தால் அந்தப் படியை மறுபடி மிதித்திருக்க மாட்டேன். நீ மறுவாரமே பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றாய்.

"திட்டி முடிச்சிட்டியா? கிளம்பு, அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்."

நாலைந்து முறை போன பிறகு, ஆட்டிசம் என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "சின்ன வயசுலயே கொண்டாந்துட்டீங்கம்மா, நல்லதாப் போச்சு" என்றார் பயிற்சி தரும் அம்மா. கேட்கும் முன்னே எதையும் கையில் திணிக்காதீர்கள், விளையாட்டோடு விளையாட்டாக அவள் பார்க்கும்வரை காத்திருங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தார். எனக்கேது அந்தப் பொறுமை?

நீதான் முந்திரி மரத்தில் சேலை கட்டி ஊஞ்சல் ஆட்டினாய். பாதியில் பிடித்து நிறுத்திவிட்டு, அவள் உன் முகத்தைப் பார்க்கும்வரை அசையாமல் நிற்பாய். பார்த்துவிட்டாலோ, "ஏய், பாத்துட்டா!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு ஆட்டுவாய். அந்த முதல் பார்வைக்கு எத்தனை நாள் காத்திருந்தாய்!

இப்போது அவளுக்கு ஐந்து வயது. கூட்டம் என்றால் இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறாள். இருக்கட்டும், அவள் அப்படித்தான். ஆனால் வேண்டியதைக் கேட்கிறாள். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் படத்தைப் பார்த்து "பெரிம்மா, ஆட்டு" என்கிறாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வாரம் நம் சித்தப்பா மகள் கலா வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தைக்கும் ஒன்றரை வயதுதான். மூலையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. "எங்க புள்ள சமத்துக்கா, ஒரு தொந்தரவு கிடையாது" என்று கலாவுக்கு ஒரே பெருமை. நான் காபியைக் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். திட்டிவிடுவாளோ என்ற பயம்தான். நீ எனக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். மறுவாரமும் போய், "திட்டி முடிச்சிட்டியா? கிளம்பு" என்று அவள் வாசலில் நிற்பேன்.

நீ இருந்தவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்காத
உன் வாயாடித் தங்கச்சி,
செல்வி