சொல்லாமல் விட்ட ஆறு மீன்கள்

தாபோர்
பிப்ரவரி 11, புதன்

அன்புள்ள ரத்காவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், தொட்டியில் மிச்சமிருக்கும் எட்டு ஏஞ்சல் மீன்களும் நீந்திக்கொண்டிருக்கின்றன. உன் நலத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். கனடாவில் குளிர் எப்படி, இருமல் விட்டதா? நன்றாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்படிச் சிரித்தவளுக்கு என்ன குறை இருக்கப்போகிறது. மறுபடி போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி.

நீ சொன்னதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், காகிதத்தில் பார்த்தால் எப்படி இருக்கிறதென்று தெரியட்டும். "அம்மா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் பீசெக் போயிருந்தீங்கல்ல, அப்ப உன் நியான் மீன்ல ஆறு செத்துப்போச்சு. நான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில வேற ஆறு வாங்கிப் போட்டுட்டேன். நீ கண்டுபிடிக்கவே இல்ல பாத்தியா!" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். கண்டுபிடிக்கவில்லைதான். நாற்பது நியான்கள் கூட்டமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கும்போது எவள் உட்கார்ந்து எண்ணுவாள்? பெற்ற மகள் கனடாவிலிருந்து வந்து வீட்டில் இருக்கும்போது மீனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அது என் முட்டாள்தனம்.

ஹெர்மினா அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அழுதாள், போனோம். (இப்போது தடி இல்லாமல் நடக்கிறாள், உனக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாள். நீதான் அவளுக்கு ஒரு அட்டை கூடப் போடவில்லை.) இரண்டு நாள் உன்னிடம் என்ன கேட்டேன்? காலையில் ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான். நீயோ, அன்று போனில் ஒத்துக்கொண்டபடி, போனுக்குச் சார்ஜ் போட ஃபில்டரின் பிளக்கைப் பிடுங்கினாய், போதாததற்குப் பாவம் பசிக்குமே என்று கைநிறையத் தீனியை அள்ளிக் கொட்டினாய். தண்ணீர் கெட்டு ஆறு மீன் செத்தது. அதற்குக் கத்தியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே கத்தியிருப்பேன். கத்தி முடித்து, சாப்பிட வா என்று கூப்பிட்டிருப்பேன். நீ அதற்கு இடம் கொடுக்காமல் பனியில் கடை தேடிப் போனாய்.

பதினேழு வயதுவரை இந்த வீட்டில் வளர்ந்தவள் நீ. மற்ற பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடியபோது நீ என் மீன் வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் மேசைக்கடியில் தூங்கியவள். புது மீன் எதுவானாலும், சங்கத் தலைவரே தன் கையால் கொடுத்தாலும், குளியலறை அலமாரியில் இருக்கும் சின்னத் தொட்டியில் நான்கு வாரம் தனியாக இருந்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு வரும் என்பது உனக்குத் தெரியாதா? அதற்குத் தனி வலை, தனிக் குழாய், அதைத் தொட்ட கையைக் கழுவாமல் இதைத் தொடக் கூடாது. வாங்கும்போதே கடைத்தொட்டியில் ஒரு மீனாவது துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நின்றால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. பையை மிதக்கவிட்டு, நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டு, பைத் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்ட வேண்டும். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். "பையோட கவுத்துட்டேன்மா, கடைக்காரன் எல்லாம் நல்ல மீனுன்னுதான் சொன்னான்" என்றாய். விற்கிறவன் வேறு என்ன சொல்வான், ரத்கா? சீக்காளி மீன், எடுத்துப் போ என்பானா?

ஜனவரி நான்காம் தேதி காலையில் ஏஞ்சல் மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் துடுப்பெல்லாம் ரவையைத் தூவியது போல வெள்ளைப்புள்ளி. அந்தக் கிருமி மீனின் உடம்பிலிருந்து உதிர்ந்து அடியில் போய் ஒன்று நூறாகப் பெருகித் திரும்ப வந்து ஒட்டும், அதனால் புள்ளி மறைந்தது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி வரும். ஹீட்டரை முப்பது டிகிரிக்கு ஏற்றினேன், மருந்து ஊற்றினேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடி மண்ணை உறிஞ்சி எடுத்தேன். இருபத்திரண்டில் பதினான்கு போயின. பதினோரு வருடமாக நானே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்த வரிசை அது. கடைசியாகப் போனது கிழட்டு ஆண் மீன், உன் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூப்பிடுவாரே, அதுதான். ரயில் ஓட்டியவருக்குக் காலையில் அதற்குக் கையால் தீனி கொடுக்காமல் காபி இறங்காது.

இப்போது உனக்குச் சிரிப்பு வராத இடத்துக்கு வருகிறேன். நோய் எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். புது மீன் எதுவும் வரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாளி நினைவுக்கு வந்தது. உன் அப்பா எல்லா வருடமும் போல கிறிஸ்துமஸ் விருந்துக்கான கெண்டை மீனை உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டாரே, அவருடைய வாளியின் பிடி உடைந்துபோயிருந்ததால் மீன் தொட்டிக்கென்றே நான் வைத்திருக்கும் நீல வாளியை எடுத்துப் போயிருந்தார். அதில் செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்து அன்றே நான் கத்தியதை நீயும் கேட்டாய். கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்து, பால்கனியில் ஒரு வாரம் காயவைத்த வாளி அது, அதில் ஒரு கிருமியும் பிழைக்காது என்று சங்கத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனாலும் பழி போட ஆள் பக்கத்திலேயே இருந்தார். "உங்க கை பட்டா எதுவும் உயிரோட இருக்காது" என்று அவரிடம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு மீனையும் எடுத்து வெளியே போடும்போதும் சொன்னேன்.

அவர் நம்பிவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து கெண்டை வாங்கப்போவதில்லை, கடையில் வெட்டின துண்டே வாங்கிக்கொள்ளலாம் என்றார். தொட்டி இருக்கும் அறைக்குள் வருவதை விட்டுவிட்டார், செய்தியைக்கூட அடுக்களை ரேடியோவில் கேட்கிறார். எனக்குத் தட்டு எடுத்துக் கொடுப்பதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார், இந்தக் குளிரில் புறங்கைத் தோல் வெடித்து ரத்தம் வருகிறது. அஞ்சு வாரமாக இது நடக்கிறது. அஞ்சு வாரமாக ஞாயிறுதோறும் நீ போன் செய்தாய், அவர் குரல் ஏன் இறங்கியிருக்கிறது என்று நீயே என்னிடம் கேட்டாய், மீனெல்லாம் போகிறது என்று நானும் சொன்னேன். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னதும் விளையாட்டாக, "அப்பாகிட்ட சொல்லிடாத" என்று சேர்த்து. என் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு ஏஞ்சல் மீன் பெட்டியில் வரவழைத்துத் தருவதாகவும் சொன்னாய். அனுப்பினால் கதவைத் திறக்க மாட்டேன்.

திங்கட்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன், நாற்பத்தோரு வருடத்தில் நான் கேட்ட மூன்றாவது மன்னிப்பு. பிறகு உன்னுடைய ஆறு மீனைப் பற்றிச் சொன்னேன். உன்மேல் அவர் கோபப்பட வேண்டும் என்று ஆசையாகவே காத்திருந்தேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "முப்பத்து நாலு வயசுப் பொண்ணு, ஆறு மீன் செத்துப்போச்சுன்னு வீட்டுல சொல்ல முடியாம பனியில கடை தேடிப் போயிருக்கா. உன்னைப் பாத்து அவளுக்கு அவ்வளவு பயமா, மிலாதா?" என்றார். சத்தம் போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் எழுந்துபோய் அவர் கைக்குப் பூசக் களிம்பு எடுத்து வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, நல்லபடியாக இரு, எந்தக் கோபத்திலும் நான் உனக்கு வேண்டிக்கொள்வது அதைத்தான். ஞாயிறு நான்கு மணிக்கு அப்பா போன் பக்கத்தில் இருப்பார், நான் கடைக்குப் போய்விடுவேன், அவரிடம் நீயே உன் வாயால் சொல். எனக்குப் போனில் எதுவும் வேண்டாம், எழுது. அவர் கேட்டதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். பயந்தாயா? திட்ட மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனாலும் உண்மையை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
மிலாதா